தொப்பி வெள்ளை, முகம் மஞ்சள்

என் வீட்டுக்காரர் முகம் மஞ்சளாகிறது என்று முதன்முதலில் என்னிடம் சொன்னது என் போனில் இருக்கும் ஒரு வட்டம். அதை நம்ப எனக்கே சில வாரம் ஆயிற்று. அவரை நம்பவைக்க நான் பட்ட பாடு நாய் படாத பாடு.

நாங்கள் இருப்பது சாரம் என்கிற பகுதியில். அவர் பிரியாணி மாஸ்டர். கல்யாணம், சுன்னத்து, புதுமனைப் புகுவிழா என்று ஊர் முழுக்க அவர் தம் போட்ட சட்டிதான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் விறகடுப்பு. அங்கே அவர் சமைப்பதை நான் போனில் படம் பிடித்து, போனிலேயே வெட்டி ஒட்டி, யூடியூபில் போடுவேன். கம்ப்யூட்டர், கேமரா என்று ஒன்றும் கிடையாது. அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலால் செய்கிற வேலைதான். வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக அவர் சட்டியைத் திறந்து முகத்தில் ஆவி அடிக்க ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அதற்காகவே பார்க்கிற கூட்டம் உண்டு.

ஆனால் அந்தக் கொட்டகையின் சுவர் பச்சை. மேலே டியூப்லைட், ஒரு பக்கம் வெயில், கீழே நெருப்பு. நான் போட்ட முதல் வீடியோக்களில் பிரியாணி பாசி பிடித்த மாதிரி இருந்தது. 'அக்கா, இது புதினா சாதமா' என்று ஒருத்தன் கேட்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கண்ணால் பார்த்துக் கலரைத் திருத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாலே கண் பழகிவிடுகிறது, பச்சையும் வெள்ளையாகத் தெரிகிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் கேவலம். அப்போதுதான் எடிட் பண்ணும் ஆப்பில் ஸ்கோப் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

ஸ்கோப் என்றால் பயப்பட வேண்டாம், கலரை அளந்து காட்டுகிற படம், அவ்வளவுதான். ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மூன்று மேடாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். படத்தில் வெள்ளையான பொருள் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பச்சை மட்டும் தூக்கி நின்றால் டியூப்லைட்டின் வேலை என்று அர்த்தம், அதைக் குறைக்க வேண்டும். இன்னொன்று வட்டம். அதில் கலர்கள் புகை மாதிரி பரவிக் கிடக்கும். கடிகாரத்தில் பதினொரு மணி இருக்குமே, அந்தப் பக்கமாகச் சாய்வாக ஒரு கோடு. மனுஷன் கறுப்போ சிவப்போ மாநிறமோ, தோலின் புகை அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும் என்றார்கள். நான் நம்பவில்லை. என் முகத்தை வைத்துப் பார்த்தேன், அவர் முகத்தை வைத்துப் பார்த்தேன், சிலிண்டர் போட வந்தவரிடம் கெஞ்சி அவர் முகத்தையும் வைத்துப் பார்த்தேன். எல்லாரும் அந்தக் கோட்டில்தான் உட்கார்ந்தோம்.

அதிலிருந்து என் வழி ஒரே வழி. முதலில் அவர் தொப்பியை வெள்ளையாக்குவேன். மூன்று மேடும் சமமானால் முகம் தானாகக் கோட்டுக்கு வந்துவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் அது ஒரு நாளும் தவறியதில்லை.

தவறியது மீன் பிரியாணி வீடியோவில். தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஏலம் எடுத்தவரிடம் வஞ்சிரம் வாங்கி வந்து செய்த பிரியாணி அது. தொப்பி வெள்ளையாயிற்று. முகம் வரவில்லை. பதினொரு மணியை விட்டு இறங்கி பத்து மணிப் பக்கம், மஞ்சள் பக்கமாக நின்றது. மசாலா ஆவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆப்பில் முகத்தை மட்டும் தனியாகத் திருத்துகிற வசதி உண்டு. அதை வைத்து முகத்தைக் கோட்டுக்கு இழுத்துவிட்டு வீடியோவைப் போட்டேன்.

அடுத்த வீடியோவிலும் அதே கதை, கொஞ்சம் கூடுதலாக. அப்போது எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. தொப்பியைத் துவைத்துவிட்டு நான் சொட்டு நீலம் போடுவேன். நீலம் போட்ட தொப்பி கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு லேசான நீலம். அந்த நீலத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு நான் நீலத்தைக் குறைத்தால் மற்றதெல்லாம் மஞ்சளாகத்தானே போகும்? ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரே பெருமை எனக்கு. நீலம் போடாமல் துவைத்தேன். மாறவில்லை. ஞாயிறு சந்தையில் புதுத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன். மாறவில்லை. வடித்த சோற்றை வெள்ளையாக வைத்துப் பார்த்தேன். சோறு வெள்ளை, தொப்பி வெள்ளை, முகம் மட்டும் மஞ்சள். ஒவ்வொரு முறையும் முகத்தைக் கோட்டுக்கு இழுத்துவிட்டுத்தான் வீடியோவைப் போட்டேன்.

அதற்குள் வேறு சிலதும் என் கண்ணில் பட்டிருந்தன. அவர் கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். கேட்டால் அடுப்பு அனல் என்றார். உப்பு பார்க்கச் சொன்னால், நீயே பாரு என்று கரண்டியை என் பக்கம் நீட்டினார். தன் நாக்கைத் தவிர வேறு யார் நாக்கையும் நம்பாத மனுஷர். முகம் மஞ்சளாயிருக்கு, டாக்டரிடம் போகலாம் என்று சொன்னேன். அவர் சட்டியைக் கிளறுவதை நிறுத்தாமல் சிரித்தார்.

"காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம். மொதல்ல நீ போய் கண்ணக் காட்டிட்டு வா."

எனக்குச் சுருக்கென்றது. என் கண்ணில் கோளாறு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், வட்டத்துக்குமா காமாலை? ஆனால் போனை நீட்டி வட்டத்தைக் காட்டினால் அவர் அதைக் கோலம் என்பார். அதனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோழி பிரியாணி. போனை ஸ்டாண்டில் நிறுத்தி ரெக்கார்டு போட்டுவிட்டு, வேர்வை துடைக்கிற சாக்கில் துண்டோடு போய், என் கையை அவர் கன்னத்தோடு ஒட்டி வைத்தேன். ஒரே வெளிச்சம், ஒரே நொடி, மேலே அதே தொப்பி. என்னம்மா இது கொஞ்சல் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். உள்ளே போய்த் தொப்பியைச் சமப்படுத்தினேன். முதலில் என் கையை மட்டும் பெரிதாக்கி வட்டத்தைப் பார்த்தேன். கோட்டில் பிசகாமல் உட்கார்ந்தது. பிறகு அவர் கன்னம். அந்தப் புகை கோட்டை விட்டு விலகி, மஞ்சளை நோக்கிச் சாய்ந்து, அப்படியே நின்றது. யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். விளக்கு, சுவர், நீலம், தொப்பி, போன் என்று நான் பழி போட்டதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அவர் உடம்புதான் மிச்சம் இருந்தது.

வெயிலில் கூப்பிட்டுக் கண்ணைப் பார்க்கலாம் என்றால், மனுஷர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். புகை எரியுதாம். இருபது வருஷமாக எரியாத புகை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றவில்லை. நான் விடவில்லை. கத்தினேன். அவரும் கத்தினார். பெரிய கல்யாண ஆர்டர் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி குத்திப் படுக்கப் போட்டுவிடுவான், அது முடியட்டும் என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"கீழாநெல்லி அரச்சி மோர்ல கலந்து குடு. தானா எறங்கிடும்."

"அப்ப மஞ்சள் இருக்குதுன்னு ஒங்களுக்கே தெரியுது."

செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் கொட்டகையில் நின்று திட்டித் தீர்த்தேன். சட்டிக்குக் காது இருந்தால் ஓடிப்போயிருக்கும். அப்புறம் கீழாநெல்லியையும் அரைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவர் வாய்க்குள் போவது அது ஒன்றுதான் என்று ஆகியிருந்தது. இறங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிறபோது, அவருக்குக் குளிர் வந்து பல் கிட்டித்துப்போயிற்று. இரண்டு போர்வை போர்த்தி மேலே நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் ஆஸ்பத்திரி என்றால் தலையை ஆட்டினார்.

அவர் ஒரே ஒருத்தர் பேச்சைத்தான் கேட்பார். அவருடைய அக்கா. என் நாத்தனார் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய் முப்பது வருஷம் இருக்கும். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அத்தா என்று அவர்கள் கூப்பிட்ட தகப்பனாரை, பிரான்சுக்குப் போகும் முன், கடைசியில் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அத்தா போனதே காமாலையில்தான். தம்பியின் வீடியோ ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, 'மெர்சி மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாய்ஸ் அனுப்புவார். வீடியோ காலில் கூப்பிட்டால் மட்டும் இவர் கொஞ்ச நாளாக டவர் இல்லை என்று கத்தரித்துவிடுவார். சரி, இனி அக்காதான் கதி என்று அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"அவனுக்கு இன்னாடி? முந்தாநேத்து வீடியோல ரோசாப்பூ மாதிரி நிக்கிறான். எங்க வூட்டுக்காரரே சொன்னாரு, ஒன் தம்பிக்கு வயசு கொறயுதுன்னு. நீ பயந்து அவனயும் பயமுறுத்தாத."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வாரக்கணக்காக அந்த முகத்தைக் கோட்டுக்கு இழுத்து இழுத்து ரோசாப்பூ ஆக்கியது நான். அந்த ரோசாப்பூவே இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அது நான் போட்ட கலர் அக்கா என்றேன். கலர் போட்டால் எப்படிடி உடம்பு தேறும் என்று கேட்டார். கடல் தாண்டி இருக்கிற ஒரு பெண்ணுக்கு, தன் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று போனிலேயே எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, காட்டத்தான் வேண்டும். எடுத்தது எடுத்தபடி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எடுத்தபடி இருக்கிற படத்தில் டியூப்லைட்டின் பச்சை மூஞ்சியில் அடிக்கிறது. விளக்குதான்டி கோளாறு என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், அதில் நியாயமும் இருக்கும். ஒன்றும் திருத்தாமல் அனுப்பினாலும் பொய், முகத்தைத் திருத்தி அனுப்பினாலும் பொய். தொப்பியை மட்டும் வெள்ளையாக்கி, முகத்தைத் தொடாமல் விட வேண்டும். அதுதான் உண்மை என்று எனக்குப் புரிந்தது.

அவர் உள்ளே போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் உட்கார்ந்து, திருத்தாமல் எடுத்தபடியே இருந்த பழைய வீடியோக்களை வெளியே எடுத்தேன். போன பெருநாளுக்கு எடுத்தது ஒன்று, மீன் பிரியாணி ஒன்று, புதுத் தொப்பி போட்டது ஒன்று, என் கை அவர் கன்னத்தில் இருப்பது ஒன்று. நான்கு முகத்தையும் ஒரே திரையில் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் தொப்பியைப் பெரிதாக்கி மூன்று மேட்டையும் சமமாக்கினேன். கட்டைவிரல் ஒரு நூல் தள்ளினால் கலர் மாறிவிடும். நான் பயத்தில் மஞ்சளைக் கூட்டிவிடக்கூடாது, ஆசையில் குறைத்துவிடவும் கூடாது. கண்ணை நம்பவே இல்லை, மேட்டை மட்டும் பார்த்தேன். நான்கு தொப்பியும் ஒரே வெள்ளையானதும் முகங்களை முதல்முறையாகச் சேர்த்துப் பார்த்தேன். இடமிருந்து வலமாக என் புருஷன் மஞ்சளாகிக்கொண்டே போனார். நாலாவதில் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது பழுத்த எலுமிச்சம்பழம்.

அனுப்பினேன். 'தொப்பியப் பாருங்க அக்கா, எல்லாம் ஒரே வெள்ள. அப்பறம் மொகத்தப் பாருங்க' என்று ஒரு வாய்ஸும் அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. அங்கே அப்போது காலை நேரம், வேலைக்குக் கிளம்பியிருப்பார். நான் போனையே வெறித்துக்கொண்டிருந்தேன். உள்ளே முனகல் நின்றது. எழுந்து ஓடி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது, அனலாக வந்தது. திரும்பி வந்து பார்த்தால் டிக் நீலமாகியிருந்தது. ஆனால் பதில் இல்லை.

பிறகு அவர் போன் அடித்தது. என் போன் இல்லை, அவர் தலைமாட்டில் இருந்த அவருடைய போன். அக்கா. அவர் எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ என்றார். கேட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அக்காவின் குரல் உயர்ந்து, பிறகு உடைந்தது எனக்கே கேட்டது. அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"அத்தாவுக்கும் இதே மொகம்தான்டி கடசில," என்றார் அக்கா. "நான்தான் கழுவுனேன் அந்த மொகத்த. இன்னைக்கே கூட்டிப் போ. அவன் வரலன்னா ஆள வச்சித் தூக்கிக்கினு போ."

தூக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கைலியை மாற்றிக்கொண்டு, கல்யாண ஆர்டரை வேறு மாஸ்டருக்குச் சொல்லிவிடச் சொல்லிவிட்டு, தானே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். வழியில் மறுபடி குளிர் வந்தது. என் முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கோப்பும் பார்க்கவில்லை, தொப்பியும் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். எப்போதிலிருந்து மஞ்சள் என்று கேட்டார். அவர் கூரையைப் பார்த்தார். நான் போனைத் திறந்து நான்கு முகத்தையும் காட்டினேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். பித்தம் இறங்குகிற குழாயில் கல் போய் அடைத்து, மேலே சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். என் பெயர் எனக்கே மறந்த மாதிரி பேனா நின்று நின்று போனது.

அவரை உள்ளே கொண்டுபோனதும் நான் சுவரில் சாய்ந்து நின்றேன். குர்ஆன் வசனம் ஓதத் தொடங்கினால் பாதியில் அறுந்துபோகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், மறுபடி அறும். வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. அந்தக் கதவு திறந்து, கல் வந்துவிட்டது, அடைப்பு விட்டுவிட்டது என்று ஒரு நர்ஸ் சொன்னபோது, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டது.

காய்ச்சல் விட்டது. சில நாளில் சொறிவதும் குறைந்தது. மஞ்சள் உடனே போகாது, மெதுவாகத்தான் இறங்கும் என்றார்கள். ஒரு சாயங்காலம் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தவர், அக்காவுக்கு அனுப்பியதைக் காட்டச் சொன்னார். காட்டினேன். முதல் முகத்திலிருந்து நாலாவது முகம்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "ஒண்ணுக்கு டீ கலர்ல போனப்பவே தெரியும். அத்தாவுக்கும் அப்பிடித்தான் போச்சி."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. இத்தனை நாள் கத்தினேனே, காமாலைக் கண் என்று கிண்டல் பண்ணினீரே, தெரிந்துகொண்டா சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தீர் என்று வார்டு என்றும் பார்க்காமல் ஆரம்பித்தேன். நான் ஓய்ந்ததும், போனைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"பயம்மா. பாத்ரூம்ல ஒண்ணுக்குப் போய்ட்டு, கதவத் தெறக்காம அங்கியே நின்னுக்கினு நீ போட்ட வீடியோவப் பாப்பேன். அதுல நல்லாத்தான் இருப்பேன். சரி, நமக்கு ஒண்ணுமில்லன்னு வெளிய வந்துருவேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றும் தெரிகிறது, அழுகை நிற்கவில்லை. ஊசி குத்தாத கையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அது நீங்க இல்லைங்க," என்றேன். "அது நான் போட்ட கலரு."